கேப்டனின் குரலில்

இருமலை முதலில் தயார் செய்துகொள்ள வேண்டும், 'விடு' அதற்கு அப்புறம்தான். தொண்டையின் அடியில் கொஞ்சம் மணலைக் கொட்டி, அதை மேலே இழுத்து, முழுசாக இருமாமல் பாதியிலேயே கைவிட்டுவிட்டால் அதுதான் கேப்டன் இருமல், அது ஒழுங்காக வந்துவிட்டால் 'விடு' தானாக வழுக்கிக்கொண்டு வரும், இருமல் இல்லாத மொட்டை 'விடு'வுக்கு ஒருத்தனும் பட்டனை அமுக்க மாட்டான், ஏழு விமானமும் வயிற்றில் குண்டோடு எண்ணெய்க் கிடங்கைத் தாண்டிப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விரலில் கோழிக்குழம்பு வாசனை, சோப்பு போட்டும் போகவில்லை. கீழே அம்மா பாயை விரித்துத் தூங்குகிறாள், ராஜபாளையத்து வெயில் மொட்டைமாடி வழியாக என் உச்சந்தலையில் இறங்குகிறது, கம்ப்யூட்டர் திரையில் மட்டும் குளிர், விமானத்தின் கண்ணாடி ஓரத்தில் பனி பூத்திருக்கிறது, நான் பனியனோடு வியர்த்தபடி உறைபனியில் பறந்துகொண்டிருக்கிறேன், ஹா. இந்த ஆட்டத்தில் சண்டை விமானம் ஓட்டுகிறவனுக்குத்தான் ஜாலி, ஏறினான், சுட்டான், செத்தான், மறுபடி ஏறினான். குண்டு விமானம் ஓட்டுவது வெளியூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போவது மாதிரி. கிளம்பி, ஏறி, ஏறி, இன்னும் ஏறி, மேகத்துக்கு மேலே வந்த பிறகு செய்ய ஒன்றுமே இருக்காது. எதிரே யாரோ பிரேசிலிலோ போலந்திலோ உட்கார்ந்து நமக்காகக் காத்திருப்பான், அவன் எங்கே என்று தெரியாது, வானம் நீலமாக இருக்கும், எஞ்சின் ஒரே சுருதியில் பாடும், மண்டைக்குள் என்னென்னவோ வரும். எங்கள் குழுவில் ஒரு வழக்கம். குறி பார்க்கிற கண்ணாடியில் கண் வைப்பவர் முன் விமானத்துக்காரர் ஒருவர்தான். மற்ற ஆறு பேரும் அவர் பின்னால் ஒட்டிப் பறந்து அவர் குரலுக்காகக் காத்திருப்பார்கள், குரல் வந்ததும் ஆறு கட்டைவிரலும் ஒன்றாக அமுங்கும். முன் விமானம் கேப்டனுடையது. அதன் வலது இறக்கையை ஒட்டி நான். குரலும் நான். அது இந்த ஆறு பேரில் எனக்கு மட்டும் தெரியும்.

திண்டுக்கல்லில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற குணசீலன் அண்ணன்தான் கேப்டன், நேரில் பார்த்ததில்லை, குரலைத்தான் பார்த்திருக்கிறேன். குரலைப் பார்ப்பது என்றால் சிரிப்பார்கள், எனக்கு அப்படித்தான், எங்கள் ஹெட்மாஸ்டர் குரல் ஈரத் துண்டு, கேஸ் ஏஜென்சி அக்கா குரல் புது ஸ்டீல் டம்ளர், கேப்டன் குரல் அரைக்கிற கல்லில் கடைசியாகத் தங்கிய உளுந்து. ஷார்ஜாவில் உட்கார்ந்து விளையாடுகிற நாகர்கோவில்காரன் வில்சனின் சூப்பர்வைசர் மாதிரிப் பேசி அவனை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க வைத்திருக்கிறேன், திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கும் தாகிர் பாய் தரையிறங்கும் நேரம் பார்த்து அவருடைய அத்தா குரலில் "கரண்டு பில்லு கட்டினியாடா" என்று கேட்டு அவரை ஓடுபாதையில் குப்புறக் கவிழ்த்திருக்கிறேன், அதனால்தான் எனக்கு மைனா என்று பெயர், வைத்தவர் கேப்டன். அவர் குரலிலேயே அவரைத் திட்டிய அன்று குழுவே விழுந்து விழுந்து சிரித்தது, அவர் மட்டும் சிரிக்காமல், "டேய் மைனா, பயமா இருக்குடா, நான் எங்கேயோ வெளிய நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் மூன்று ஞாயிறு வரவில்லை. மதுரையில் ஆபரேஷன் என்றார்கள், தைராய்டு என்று அவரே எல்லாருக்கும் செய்தி போட்டார். எனக்கு மட்டும் தனியாக இன்னொன்று வந்தது. தைராய்டு இல்லை. குரல்வளையையே எடுத்தாச்சு. இனி மூக்கு வழியாக் காத்து கிடையாது, கழுத்துல ஓட்டை, ஓட்டையில குழாய். உனக்கு என் குரல் வருமில்ல? நான் டைப் பண்றேன், நீ பேசு. யார்கிட்டயும் சொல்லாத, சத்தம் இல்லாதவன் பின்னாடி எவன்டா வருவான். அதைப் படித்தபோது நான் சிரித்தேன் என்றுதான் நினைவு. எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை, இதுவரை யாரும் பண்ணாதது, அதுவும் அனுமதியோடு! இடது தொடையில் அம்மாவின் பழைய போன், அதில் குழு பேசிக்கொள்கிற ஆப்பில் அவர் கணக்கு, அதில் பேசினால் எல்லார் திரையிலும் 'கேப்டன்' என்ற பெயர் பச்சையாக எரியும். காதில் ஹெட்செட், அதில் பேசினால் 'மைனா' எரியும். அவர் வேறு ஒரு பெயரில் நுழைந்து மைக் இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். டைப் செய்வார், நான் பேசுவேன், குழு கேட்கும். முதல் நாள் வில்சன், "அண்ணாச்சி, ஆபரேஷனுக்கு அப்புறம் சவுண்டு முந்தியவிட கம்பீரமால்லா இருக்கு" என்றான். நான் ஹெட்செட் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கட்டிலில் புரண்டேன்.

சிரிப்பு எப்போது நின்றது? ஒரு ஞாயிறு எல்லாரும் கலைந்த பிறகு அவர் டைப் செய்தார், ஒரு தடவை 'விமலா' என்று கூப்பிடுடா. விமலா யார் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. இருமல் போட்டேன், கூப்பிட்டேன். அவருடைய ஸ்பீக்கரில் அந்த வீட்டுக்குள் போய் விழுந்திருக்க வேண்டும். அவரிடமிருந்து வந்தது, திரும்பிப் பார்த்துட்டா. அப்புறம், போதும், இனி வேண்டாம். எதிலிருந்து திரும்பினார்கள், கையில் என்ன இருந்தது, கரண்டியா, துணியா, திரும்பியதும் நாற்காலியில் வாயை மூடி உட்கார்ந்திருக்கும் மனுஷனைப் பார்த்து என்ன செய்தார்கள், எனக்குத் தெரியாது, தெரியாததால் எல்லா விதமாகவும் பார்க்கிறேன், குளிக்கும்போது, கணக்குப் பரீட்சையில், தூக்கம் வருவதற்கு முன்னால். அந்தக் குரலுக்கு இப்போது என் தொண்டையைத் தவிர வேறு வீடு கிடையாது. அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை, கல்யாண வீடியோவில்கூட மேளச் சத்தம்தான் என்று அவரே சொன்னார், டைப் செய்து சொன்னார். அதனால் அது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன வாரம் "அம்மா, சாதம் போடும்மா" என்று கேட்டேன், அது கேட்டது, நான் இல்லை, கேப்டன் கேட்டார், அம்மாவின் கை சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. "என்னடா குரல் இது, யாரோ பெரிய ஆள் வீட்டுக்குள்ள வந்த மாதிரி." சும்மா விளையாட்டுக்கும்மா என்றேன். அதுவும் அதே கரகரப்பில் வந்தது. போன வருஷம்தான் எனக்குக் குரல் உடைந்தது, எனக்கென்று ஒன்று ஒட்டி எழும்புவதற்குள் இவர் வந்து குடியேறிவிட்டார், வாடகை வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்குள் சாமான் இறக்கின மாதிரி.

இதோ ஆறு. கீழே மேகம் கிழிந்து ஆற்றின் வளைவு தெரிகிறது, வெள்ளித் தகடு மாதிரி. இந்த வளைவில்தான் வடக்கே திரும்ப வேண்டும், கிளம்பும் முன் கேப்டன் படம் போட்டு எல்லாருக்கும் காட்டியிருந்தார். முன் விமானம் திரும்பவில்லை. இறக்கை கொஞ்சம்கூடச் சாயவில்லை, நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது, பின்னால் ஆறு பேரும் நேராகப் போகிறோம். "இன்னைக்கு அண்ணன் ஓட்டுறதப் பாருங்க, கத்தியால கிழிச்ச மாதிரி" என்கிறார் தாகிர் பாய், அவர் கேப்டனுக்கு இடது இறக்கை. "ஆபரேஷன் பண்ணின கைன்னு யாராவது சொல்ல முடியுமாலே" என்று வில்சன் பின்னாலிருந்து. கழுத்தில் பண்ணினதுடா, கையில் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கத்தி பிடிக்கவில்லை. கேப்டன் இப்படி ஓட்ட மாட்டார். காற்று பக்கத்திலிருந்து தள்ளும், அவர் கொஞ்சம் கொஞ்சமாக மூக்கைத் திருப்பிக்கொண்டே இருப்பார், மாவு சலிக்கிற மாதிரி ஒரு ஆட்டம் எப்போதும் இருக்கும், அந்த ஆட்டத்தை வைத்தே இது கேப்டன் விமானம் என்று சொல்லிவிடலாம். ஆட்டமே இல்லாமல் போவது ஆட்டோபைலட். ஆட்டோபைலட் போட்டுவிட்டால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானம் ஒழுங்காகப் போகும், ஆள் இல்லாவிட்டால் இன்னும் ஒழுங்காகப் போகும். அவர் டைப் செய்கிற சாட் பெட்டியைப் பார்க்கிறேன். கடைசியாக வந்தது, இருமல் வருது, ஒரு நிமிஷம். அதற்கு முன்னால், விமலா வத்தலக்குண்டுல கல்யாணத்துக்குப் போயிருக்கா, வீட்டுல நான் மட்டும்தான், இன்னைக்கு எண்ணெய்க் கிடங்கு காலிடா. ஒரு நிமிஷம் என்றது நாங்கள் மேகத்துக்குள் ஏறும்போது. இப்போது மேகம் எவ்வளவோ கீழே. "அண்ணாச்சி, ஆறு தாண்டியாச்சே, திரும்பலையா?" வில்சன் கேட்கிறான். என் கட்டைவிரல் போனை அமுக்குகிறது, இருமல் வருகிறது, நான் யோசிப்பதற்கு முன்னால் அது பேசிவிடுகிறது. "தெரிஞ்சுதான் போறேன். கிழக்க சுத்தி வந்து அடிப்போம். கூட வாங்க." வில்சன் விசிலடிக்கிறான். "மூளைன்னா இதுலா மூளை." ஆறு விமானமும் ஒரு காலி நாற்காலிக்குப் பின்னால் சமர்த்தாகப் போகின்றன. காலி என்று யார் சொன்னது. பாத்ரூம் போயிருக்கலாம். கரண்ட்? கரண்ட் போயிருந்தால் விமானமே காணாமல் போயிருக்கும். டீ போடப் போயிருக்கலாம், அவருக்கு டீயை விழுங்க முடிகிறது, அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் யாராவது வந்திருக்கலாம், வாய் இல்லாமல் பேசிக்கொண்டிருப்பார், சைகை காட்டிக்கொண்டு, நேரமாகும், ஆமாம், நேரமாகும்.

அண்ணே. அனுப்பினேன். அண்ணே இருக்கீங்களா. அனுப்பினேன். சாம்பல் டிக் சாம்பலாகவே இருக்கிறது. என் போனிலிருந்து அவர் நம்பருக்கு அடிக்கிறேன், பேச முடியாத மனுஷனுக்குப் போன் அடிக்கிற முட்டாள் நான்தான், ஆனால் எடுத்தாலே போதும், எடுத்துக் கீழே வைத்தாலே போதும். மணி போகிறது, போகிறது, அந்த வீட்டில் ஏதோ ஒரு மேசையின் மேல் அது அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்வதைப் பார்க்கிறேன், பிறகு அந்தப் பெண் வந்து நீங்கள் அழைத்த சந்தாதாரர் என்கிறாள், என் உதடு அவள் கூடவே அசைகிறது, அவள் குரலும் எனக்கு வரும், வராத குரல் எது. குழாய். கழுத்துக் குழாயைப் பற்றி ஒரு நாள் விளக்கினார், ரிப்பேர்க்காரர் விளக்குகிற மாதிரி, கார்புரேட்டர் அடைச்சா எஞ்சின் நிக்குமில்ல, அதான், குழாய்க்குள்ள குழாய், உள் குழாய்ல சளி காஞ்சு அடைச்சுக்கும், திருகிக் கழட்டி, கழுவி, மாட்டணும், விமலா டக்குனு செஞ்சிருவா. அவரே செய்ய மாட்டாரா? கண்ணாடி பார்த்துச் செய்யலாம், ஆனா பாதி அடைச்சா மூச்சு போதாது, தலை சுத்தும், கை நடுங்கும் என்றார். நான் உடனே ஸ்கூட்டர் எஞ்சின் திணறுகிற மாதிரி சத்தம் போட்டுக் குரல் செய்தி அனுப்பினேன். அவர் சிரிக்கிற மஞ்சள் முகம் அனுப்பினார். மஞ்சள் முகம். நாற்காலியில் சரிந்திருக்கிறாரா, தரையில் கிடக்கிறாரா, கை கழுத்தில் இருக்கிறதா, எதிரே திரையில் அவர் விமானம் நேராக, அழகாக, அவர் பார்க்காமல் போய்க்கொண்டிருக்கிறதா. ராஜபாளையத்திலிருந்து திண்டுக்கல் போவதற்குள் சாயங்காலமாகிவிடும். வீட்டு விலாசம் தெரியாது, விமலா அக்கா நம்பர் தெரியாது, கடையின் பெயர்கூடத் தெரியாது. தாகிர் பாய்க்குத் தெரியும். ஜாய்ஸ்டிக் ரிப்பேருக்கு ஒரு தடவை அவர் வீட்டுக்கே போயிருக்கிறார், பைக்கில் பத்து நிமிஷம் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. தாகிர் பாய் போக வேண்டும். தாகிர் பாய் போக வேண்டும் என்றால் சொல்ல வேண்டும். சொன்னால் கேப்டனுக்குக் குரல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதைத்தான் சொல்லாதே என்றார், பாத்ரூமிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தாரென்றால் அவர் பின்னால் எவனும் வர மாட்டான். பாத்ரூமிலிருந்து திரும்பி வாங்கண்ணே. வாங்க. சத்தியமாக நானே அடி வாங்கிக்கொள்கிறேன், வந்துவிடுங்கள்.

ஹெட்செட்டை வாய்க்கு இழுக்கிறேன். "தாகிர் பாய், மைனா பேசுறேன். கேப்டன் ஆன்லைன்ல இல்ல. அவருக்கு என்னமோ ஆயிருச்சு. நீங்க அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்க." என் குரல்தான், ஆனால் அது யார் குரல் மாதிரியும் இல்லாததால் எனக்கே பொய்யாகக் கேட்கிறது. வில்சன் கெக்கே பிக்கே என்று சிரிக்கிறான். "லேய் மைனா, இது யாரு குரலு? புதுசா இருக்கே, எந்த நாடகத்துல அழுவுறவன்?" "வில்சன் அண்ணே, நிஜமா. கேப்டனுக்குப் பேச்சே கிடையாது. ஆபரேஷன்ல குரலை எடுத்துட்டாங்க. இத்தனை நாளா பேசுறது நான்தான்." வில்சனும் தாகிர் பாயும் சேர்ந்து சிரிக்கிறார்கள், மற்ற மூன்று பேர் சிரிக்கிற மஞ்சள் முகம் போடுகிறார்கள். "நீதான் கேப்டனா? அப்ப நான் கன்னியாகுமரி கலெக்டர்." "தம்பி, போன வாரம் எங்க அத்தா குரல்ல வந்த. இப்ப அண்ணன் உசுரையே எடுக்குறியா? அண்ணே, கேக்குறீங்களா இவன் பேசுறத? நல்லா நாலு குடுங்க." அவர்கள் காத்திருக்கிறார்கள். கேப்டன் திட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள். நான் ஊரையெல்லாம் ஏமாற்றி ஏமாற்றி, சிரிக்க வைத்து வைத்து, என்னுடைய சொந்தக் குரலுக்கு ஐந்து காசு மதிப்பில்லாமல் பண்ணி வைத்திருக்கிறேன், அதைக் கொண்டுபோய் ஒரு மனுஷனின் மூச்சுக்கு ஜாமீன் வைக்கப் பார்க்கிறேன். இன்னொரு தடவை சொன்னால் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள். அழுதால் நடிப்பு பிரமாதம் என்பார்கள். சூரியனுக்குப் பக்கத்தில் நாலு புள்ளி. சண்டை விமானங்கள். பிரேசில்காரனோ போலந்துக்காரனோ கண்டுபிடித்துவிட்டான், சாய்ந்து இறங்குகிறான், எப்போதும் போல முன் விமானத்தைத்தான் முதலில் அடிப்பான். அது விழுந்தால் ஒன்றும் இல்லை, வெறும் படம், எனக்குத் தெரியும், தெரிந்தும் என் கை ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளுகிறது, என் விமானத்தைக் கொண்டுபோய் அதன் மேல் குடை மாதிரி பிடிக்கிறது. அது விழக்கூடாது. அது அங்கே இருக்கிற வரைக்கும் அவர் இருக்கிறார் என்று எவன் சொன்னான், யாரும் சொல்லவில்லை, ஆனால் விழக்கூடாது.

போனை எடுக்கிறேன். இருமல். இந்த முறை அதைத் தயார் செய்யவில்லை, மணல் தானாக வந்தது. "தாகிரு." பச்சையாகக் கேப்டன் பெயர் எரிகிறது. "சொல்லுங்கண்ணே, இந்தப் பய என்ன பேசுறான்னு பாத்தீங்களா?" "அவன் சொல்றது சரி. எனக்கு மூச்சு முட்டுது. விமலா ஊர்ல இல்ல. ஆட்டத்த விடு. லைன போனுக்கு மாத்து, கட் பண்ணாத. என் வீட்டுக்குக் கிளம்பு." சிரிப்பு நின்றது. அவ்வளவுதான். ஒரே குரல், ஒரே பொய், அரைக்கிற கல்லில் தங்கின உளுந்து, அதற்கு மட்டும் இந்த உலகத்தில் மதிப்பு. நாற்காலி பின்னால் உருளும் சத்தம், "உம்மா, சாவி எங்க, பைக் சாவி" என்று தூரத்தில் தாகிர் பாய், செருப்பு, படிக்கட்டு, பைக் உதறி எழுகிறது. அவருடைய விமானம் ஆளில்லாமல் நேராகப் போகத் தொடங்குகிறது, கத்தியால் கிழித்த மாதிரி. காதுக்குள் திண்டுக்கல் ஓடுகிறது, ஆட்டோ ஹாரன், கோயில் ஸ்பீக்கர், யாரோ "கண்ணு தெரியலையா" என்கிறான், கண்ணுக்கு முன்னால் மேகத்துக்கு மேலே நாலு சண்டை விமானம் சுட்டுக்கொண்டே வருகிறது, என் வலது எஞ்சின் கறுப்பாகப் புகைகிறது. "அண்ணே, பேசிக்கிட்டே இருங்கண்ணே" என்று தாகிர் பாய் காற்றுக்குள் கத்துகிறார். பேசினேன். என்ன பேசினேன், நான் நல்லாத்தான் இருக்கேன், மெதுவா வா, லாரிய முந்தாத, என்னென்னவோ, அந்தக் குரல் நிற்காமல் பேசியது, இறந்துகொண்டிருக்கிறவர் இவ்வளவு தெம்பாகப் பேசுவாரா என்று வில்சனுக்கு உறைத்திருக்க வேண்டும். பைக் நின்றது. "அண்ணே, கிரில்லு பூட்டியிருக்கு. உள்பூட்டு. சாவி எங்கண்ணே வச்சிருக்கீங்க?" இங்கே குரல் நின்றுபோனது. எங்கே வைத்திருக்கிறார்? அந்த வீட்டில் எந்த ஜன்னல், எந்தச் செடி, எந்தச் செருப்பு ஸ்டாண்ட், ஒன்றும் எனக்குத் தெரியாது, அவருடைய எல்லாச் சொல்லும் என் தொண்டையில் இருக்கிறது, அவர் சாவி வைக்கும் இடம் இல்லை. "அண்ணே? சாவி." "உடைடா." "உங்க வீட்டுக் கதவையா?" "உடை, தாகிரு!"

கல்லால் பூட்டை அடிக்கிறார், ஒன்று, இன்னொன்று, பக்கத்து வீட்டு நாய், "யாருங்க அது" என்று ஒரு பொம்பளை, "உள்ள அண்ணன் மூச்சு முட்டிக் கிடக்காருக்கா, வாங்க", இரும்பு கத்துகிறது, கதவு, செருப்புக் கால் ஓடுகிறது, அப்புறம் அதே எஞ்சின் சத்தம். எனக்குக் கேட்கிற அதே எஞ்சின் சத்தம் அந்த அறையிலும் கேட்கிறது, ஏழு விமானத்தின் ஒரே சுருதி, அவர் ஸ்பீக்கரிலிருந்து. "அண்ணே!" கீழே மண்டியிடுகிற சத்தம். "அண்ணே… உதடெல்லாம் நீலமா இருக்கு… அண்ணே, கழுத்துல என்னண்ணே இது." இருமல் வேண்டாம், நேரமில்லை. "கழுத்துல குழாய் இருக்கும். குழாய்க்குள்ள இன்னொரு குழாய். உள்ள இருக்கிறத மட்டும் திருகி எடு." அது அந்த அறைக்குள்ளும் போய் விழுகிறது, ஸ்பீக்கரில், தாகிர் பாய் காதில் போனிலும், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில். தாகிர் பாய் அசையவில்லை. அசைகிற சத்தம் இல்லை. பிறகு ரொம்பச் சின்னதாக, குழந்தை மாதிரி, "அண்ணே, நீங்க இங்க கிடக்கீங்க. வாய் மூடியிருக்கு. அப்ப பேசுறது யாரு?" சொல்லலாம். நான்தான், மைனா, ராஜபாளையம், ப்ளஸ் ஒன், சொன்னால் அவர் கை நின்றுவிடும், அந்தக் கையை ஓட்டிக்கொண்டிருப்பது இந்தக் குரல்தான், இதை இறக்கி வைத்தால் கையும் இறங்கிவிடும். முன் விமானத்தின் இறக்கையில் தீ பிடித்துவிட்டது, நான் குடை பிடித்தும் பிடித்துவிட்டது, பரவாயில்லை, எரியட்டும். "அதை அப்புறம் கேளு. நடுங்காத. பிடிச்சுக்கிட்டுத் திருகு. டிவி ஆன்டெனா கழட்டுற மாதிரிதான்." "பயமா இருக்குண்ணே." "எனக்கும்தான்டா. திருகு." பிளாஸ்டிக் லேசாகக் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுப் பொம்பளை "அய்யோ" என்றாள். வந்துருச்சு, வந்துருச்சு, அடச்சிருக்கு, கல்லு மாதிரி அடச்சிருக்கு, என்கிறார் தாகிர் பாய், அதற்கப்புறம் ஷார்ஜாவில் வில்சன், அந்த அறையில் இரண்டு பேர், நான், எல்லாரும் ஒரு கழுத்தில் இருக்கிற ஓட்டைக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. கிழிந்த சைக்கிள் டியூபில் விரல் வைத்து எடுத்த மாதிரி ஒரு சீற்றம். நின்றது. மறுபடியும். ஈரமாக, நீளமாக, உள்ளே இழுக்கிறது, வெளியே விடுகிறது, சளி கலந்த ஒரு விசில், அதில் சொல் கிடையாது, சுருதி கிடையாது, யார் மாதிரியும் இல்லை. "மூச்சு வருதுண்ணே, வருது" என்று தாகிர் பாய் அழுகிறார், அண்ணே என்று எந்த அண்ணனைக் கூப்பிடுகிறார் என்று அவருக்கே தெரியாது, ஆட்டோவுக்கு யாரையோ கத்துகிறார். வில்சன் சிரிக்காமல், "மைனா, நெசமாவே நீதானா லேய்?" என்கிறான். ஆமாம் என்று சொல்ல ஹெட்செட்டை இழுத்து வாயைத் திறக்கிறேன். வார்த்தை வரவில்லை. நாக்கு பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, உதடு கொஞ்சமாகக் குவிந்து, காற்று என் கழுத்தில் ஒரு சின்ன ஓட்டையைத் தேடுகிறது, வேண்டாம் என்கிறேன், கேட்கவில்லை, என் தொண்டை அந்த விசிலையும் பழக ஆரம்பித்துவிட்டது.